பின் சக்கரம் ஏன் இழுக்கிறது?
(ஒரு செயல்முறைப் பாடம்)



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று சங்கச் செயலாளர் கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவிதை எனக்கு வராது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிக் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே வீட்டில் கேட்டு எழுதவும் வழியில்லை. கடைசியில், நான் தப்பாகச் செய்து, பிறகு சரியாகக் கற்றுக்கொண்ட ஒரு வேலையைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தேன். அதுதான் சைக்கிளின் பின் ஹப்.

"கம்ப்யூட்டர், ரோபோ என்று உலகம் போகிறது, இவன் சைக்கிளைப் பற்றி எழுதுகிறானே" என்று சிரிக்க வேண்டாம். மூன்று வருடத்தில் நாம் படிக்கும் உராய்வு, பேரிங், மரை, உயவு, துரு எல்லாம் அந்த ஒரு சாண் ஹப்புக்குள் அடங்கியிருக்கிறது.

1. எங்கள் வீட்டுச் சைக்கிள்

என் அப்பா உப்பு வியாபாரி. மரக்காணத்து உப்பு மூட்டையையும் கோலமாவுப் பையையும் கேரியரில் கட்டிக்கொண்டு, திருக்கோவிலூரிலிருந்து பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, அரகண்டநல்லூருக்கு அப்பால் உள்ள கிராமங்களைச் சுற்றிவிட்டு வருவார். போக வர 26 கிலோமீட்டர். வண்டி பழைய 28 அங்குலச் சக்கரம், ராடு பிரேக். அந்தச் சைக்கிள்தான் எங்கள் வீட்டு அடுப்பு, என் பஸ் கட்டணம், என் பரீட்சைக் கட்டணம் எல்லாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. பெண்ணையாறு கரை தாண்டியது. எங்கள் தெருவிலும் புகுந்தது. நாங்கள் ஆட்டையும் அரிசியையும் என் புத்தகப் பையையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனோம். சைக்கிளைத் தூக்க ஆளில்லை. அது இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் நின்றது.

அப்போது நான் இரண்டாம் ஆண்டு. மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்க, கடைக்கு எதற்குக் காசு என்று நானே இறங்கினேன். வெளியில் தெரிந்த சேற்றைத் துடைத்தேன். ஹப்பின் எண்ணெய்த் துவாரத்தில் தாராளமாக எண்ணெய் ஊற்றினேன். சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடியது. கோனை நன்றாக முறுக்கி அந்த ஆட்டத்தைப் பொட்டு இல்லாமல் நிறுத்தினேன். "எம்புள்ள சரி பண்ணது" என்று அப்பா தெருவெல்லாம் சொன்னார்.

பொங்கல் முடிந்ததிலிருந்து அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பாலத்தில் பாதி தூரம் தள்ளிக்கொண்டு போனார். மாசியில் ஒரு கிராமத்தை விட்டார், பங்குனியில் இன்னொன்றை. டாக்டரிடம் அழைத்துப் போனோம். சோதித்துவிட்டு, "பெரிசா ஒண்ணுமில்ல, ஓய்வு எடுங்க" என்றார். அப்பா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "உடம்பு முன்ன மாதிரி இல்லடா" என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்தார். வரும்படி குறைந்தது. ஒரு ராத்திரி அம்மா, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, "பெரியவன் படிப்ப நிறுத்திட்டு எதுனா வேலைக்குப் போனா இன்னா?" என்று அப்பாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அப்பா பதில் சொல்லவில்லை.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரகண்டநல்லூர் வரை ஒரு வேலையாக நான் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கேரியரில் ஒன்றுமில்லை, வெறும் வண்டி. எனக்கு வயது பதினேழு. பாலத்தின் பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது!

அங்கேயே இறங்கி, ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டேன். இரண்டே சுற்று. நின்றுவிட்டது. பழுது எங்கே என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

2. ஹப்புக்குள் என்ன இருக்கிறது?

சக்கரத்தின் நடுக்குடம்தான் ஹப். அதன் இரு ஓரத்திலும் கிண்ணம் போல் ஒரு கப். நடுவில் அச்சு. அச்சின் மேல் மரையில் இரு பக்கமும் ஒரு கோன். கப்புக்கும் கோனுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள், நம் கடைப் பேச்சில் பால்ரஸ். நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் பின் ஹப்பில் கால் அங்குலக் குண்டு, அதாவது 6.35 மில்லிமீட்டர், பக்கத்துக்கு 9, மொத்தம் 18.

என் தாத்தா மாட்டுவண்டி ஓட்டியவர். வைக்கோலைக் கரித்து எண்ணெயில் குழைத்து அச்சுக்கு மை போடுவாராம். அங்கே இரும்பும் இரும்பும் வழுக்கிக்கொண்டு சுற்றும். இங்கே குண்டு உருளுகிறது. வழுக்குவதற்கும் உருளுவதற்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. சாதாரணப் புஷ்ஷில் உராய்வுக் கெழு 0.1 அளவில் இருந்தால், நல்ல பால் பேரிங்கில் அது 0.0015 அளவுக்கு இறங்கிவிடும்.

இது நேற்று வந்த யோசனையும் அல்ல. 1794-ல் வேல்ஸ் நாட்டு பிலிப் வாகன் வண்டி அச்சுக்குக் குண்டு வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1869-ல் பாரிஸில் ஜூல்ஸ் சுரிரே அதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை சுமார் 123 கிலோமீட்டர் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் பால் பேரிங் வைத்த வண்டியில் ஜெயித்தார். 1883-ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃப்ரெட்ரிக் ஃபிஷர் குண்டுகளை ஒரே அளவில், சுத்த உருண்டையாகச் சாணை பிடிக்கும் இயந்திரம் செய்தார். அந்த "ஒரே அளவு" என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

3. முதலில் ஹப்பைப் பிரிக்காதே!

சக்கரம் இழுக்கிறது என்றால் உடனே ஸ்பேனரை எடுப்பது தவறு. காரணம் வெளியிலேயே இருக்கலாம். வரிசையாகப் பாருங்கள்.

அ) காற்று. டயரை விரலால் அழுத்துங்கள். காற்றுக் குறைந்த டயர் இழுப்பது போல வேறு எதுவும் இழுக்காது.

ஆ) பிரேக் கட்டை. சக்கரத்தைச் சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் 'சர்' என்று உரசினால் ரிம்மில் கோட்டம். சுற்று முழுக்க உரசினால் பிரேக் கட்டை திரும்பி வரவில்லை, அல்லது சக்கரம் நடுவில் உட்காரவில்லை.

இ) மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு. எது டயரிலோ செயினிலோ தொட்டாலும் சத்தமே காட்டிக் கொடுக்கும்.

ஈ) செயின். நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஏறி இறங்க வேண்டும். வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருந்தால் அது ஹப்பையும் பெடல் அச்சையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கிறது என்று பொருள்.

உ) ஃப்ரீவீல். சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றிவிடுங்கள். பெடல் சும்மா நிற்க வேண்டும். சக்கரத்தோடு பெடலும் சேர்ந்து சுற்றினால் ஃப்ரீவீலுக்குள் அழுக்கு. மிதிக்கும்போது இது தெரியாது, மிதிக்காமல் ஓடும்போதுதான் தெரியும்.

ஊ) கடைசிச் சோதனை. செயினின் இணைப்புக் கண்ணியைக் கழற்றிச் செயினை எடுத்துவிடுங்கள். இப்போது சக்கரத்தைச் சுற்றுங்கள். ஃப்ரீவீலும் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றுவதால் அதன் உராய்வு இப்போது கணக்கில் இல்லை. இப்போது லேசாகச் சுற்றினால் குற்றம் செயினிலோ, பெடல் அச்சிலோ, ஃப்ரீவீலிலோ. இப்போதும் நின்றால், பிரேக்கும் தொடவில்லை என்றால், சந்தேகமே வேண்டாம், ஹப்தான்.

எங்கள் வண்டியில் அ முதல் உ வரை எல்லாம் சரி. ஊ-வில் மாட்டிக்கொண்டது.

பிரிப்பதற்கு முன் ஒரு அளவு எடுத்தேன். டியூப் வால்வு அடியில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, அச்சுக்கு நேர் மட்டத்தில் ரிம்மில் ஒரு நூல் கட்டி, மளிகைக் கடையில் கடன் வாங்கிய எடைக்கல்லைத் தொங்கவிட்டேன். 100 கிராமுக்கு அசையவில்லை. 200-க்கும் அசையவில்லை. 300 கிராம் தொங்கியபோதுதான் சக்கரம் நகர்ந்தது. நல்ல ஹப் என்றால் வால்வின் எடைக்கே சக்கரம் தானாகச் சுற்றி, ஊஞ்சல் போல இப்படியும் அப்படியும் ஆடி, வால்வு கீழே வந்து நிற்க வேண்டும்.

4. விரல் சொல்லும் பாடம்

சக்கரத்தைக் கழற்றியபின், பிரிப்பதற்கு முன்பு, அச்சைக் கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். விரலுக்குத் தெரிவது நான்கு வகை.

நெறநெற என்று மண் அரைப்பது போல் இருந்தால் உள்ளே அழுக்கு.
படிப்படியாகத் தட்டித் தட்டிப் போனால் கோனிலோ கப்பிலோ குழி.
வழுவழுப்பாக, ஆனால் கெட்டியாகப் போனால் கோன் அதிகமாக இறுகியிருக்கிறது.
ஒரே சுற்றில் ஓரிடம் இறுக்கம், ஓரிடம் தளர்ச்சி என்றால் அச்சு வளைந்திருக்கிறது.

எங்கள் அச்சு முதல் மூன்றையும் சேர்த்துச் சொன்னது.

5. உள்ளே கண்டது

எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தாத்தாவிடம் மெல்லிய கோன் ஸ்பேனர் கேட்டுப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "தம்பி, ஓவராயில் பண்ணேன்னு சொல்றியே, எண்ணெய் ஊத்துறதா ஓவராயில்? பிரிக்கணும், கழுவணும், பாக்கணும், கெட்டத மாத்தணும், பூட்டணும். அதுக்குப் பேருதான் ஓவராயில்" என்றார். ஓவர்ஹால் என்ற சொல்தான் நம் ஊர்க் கடைகளில் ஓவராயில் ஆகியிருக்கிறது. அதில் 'ஆயில்' என்று கேட்பதாலேயே என்னைப் போல எத்தனை பேர் எண்ணெய் மட்டும் ஊற்றிவிட்டுத் திருப்தி அடைகிறார்களோ!

அவர் கடை வாசலிலேயே பிரித்தேன். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் காவி நிறத்தில் ஒரு களிம்பு. குண்டுகளைக் கழுவிப் பார்த்தால் பளபளப்பு இல்லை. கோனில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். மறுநாள் குண்டுகளை வொர்க்‌ஷாப்பில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தேன். 6.35 இருக்க வேண்டியது ஒன்று 6.31, ஒன்று 6.28 என்று ஆளுக்கொரு அளவு.

முன் ஹப்பையும் பிரித்துப் பார்த்தேன். அதுவும் அதே வெள்ளத்தில் நின்றதுதான். அதில் சேறு மட்டும் இருந்தது, குழி இல்லை. ஏன்? யோசித்ததில் விடை கிடைத்தது. உப்பு மூட்டை இருப்பது பின் கேரியரில். சிந்துகிற உப்புத் தூள் நேராக விழுவது பின் ஹப்பின் மேல். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஆகவே துரு வேகமாகப் பிடிக்கும், அதுவும் குழி குழியாகத் தின்னும்.

காரணங்களை வரிசைப்படுத்தினால் இவ்வளவுதான். வெள்ளம் சேற்றைக் கொண்டுவந்தது. நான் ஊற்றிய எண்ணெய் மிச்சமிருந்த கிரீஸையும் கரைத்து வெளியேற்றிவிட்டு, தானும் ஒழுகிப் போனது. பாதுகாப்பில்லாத எஃகை உப்பு தின்றது. நான் முறுக்கிய கோன் குண்டுகளைக் கப்போடு வைத்து நசுக்கியது. நான்கில் இரண்டு என் கைவேலை!

6. பூட்டும் முறை

1) கழற்றும்போது நட்டு, வாஷர், கோன் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு செய்தித்தாளின் மேல் அடுக்குங்கள்.

2) மண்ணெண்ணெய் அல்லது டீசலில் கழுவி, துணியால் முழுக்கத் துடைத்துக் காய விடுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

3) குழி விழுந்த கோனை மாற்றியே தீர வேண்டும். கப்பில் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் கப்பும் போச்சு. எங்கள் கப் தப்பித்தது.

4) குண்டுகளை மாற்றினால் 18-யும் மாற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலந்தால், பெரிதாக இருக்கும் புதியது மட்டும் பாரம் முழுவதையும் தாங்கிச் சீக்கிரம் உடையும். ஃபிஷரின் "ஒரே அளவு" இதற்குத்தான்.

5) கப்பில் கிரீஸ் அப்பி அதில் குண்டுகளைப் பதியுங்கள். பக்கத்துக்கு 9. இடம் இருக்கிறதே என்று பத்தாவதைத் திணிக்காதீர்கள். குண்டும் குண்டும் நெருக்கினால் உருளாது, தேய்க்கும். தண்ணீருக்குத் தாங்கும் லித்தியம் கிரீஸ் நல்லது.

6) இனிதான் முக்கியம். செயின் பக்கத்துக் கோனை அசையாமல் விட்டுவிட்டு, இடது பக்கக் கோனைக் கையால் மட்டும் ஆட்டம் நிற்கும் வரை திருகுங்கள். பிறகு கால் சுற்று பின்னால் தளர்த்துங்கள். பின் அச்சின் மரை அங்குலத்துக்கு 26. ஒரு சுற்றுக்குக் கோன் நகர்வது 25.4-ஐ 26-ஆல் வகுத்தால் 0.98 மில்லிமீட்டர். கால் சுற்று என்பது 0.24. சில நோட்டுத் தாள்களின் கனம்தான்! அந்தச் சில தாள் கனத்தில் இருக்கிறது முழு வித்தையும்.

7) மெல்லிய ஸ்பேனரால் கோனைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். லாக் நட் இல்லாத வண்டியில், வெளி நட்டை முறுக்கும்போது கோனும் கூடவே சுற்றி இறுகிவிடும். அதனால் கோனை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

8) சக்கரத்தை ஃபிரேமில் மாட்டி நட்டை முறுக்கியபின் மறுபடி சோதியுங்கள். ரிம்மைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். வால்வு தானாகக் கீழே வர வேண்டும். கடைசியில் பிரேக், செயின் விறைப்பு இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.

குண்டு, இரண்டு கோன், கிரீஸ் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 140 ரூபாய். தாத்தா கூலி வாங்கவில்லை. "நீதான பண்ண, எனக்கு எதுக்கு?" என்றார். பூட்டியபின் அதே நூலில் இரண்டு நாணயத்தைக் கட்டித் தொங்கவிட்டேன். சக்கரம் சுற்றியது.

7. ஒரு சின்னக் கணக்கு

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

தொங்கிய எடை 0.3 கிலோ. ரிம்மின் ஆரம் 0.32 மீட்டர்.
முறுக்கு விசை = 0.3 × 9.8 × 0.32 = 0.94 நியூட்டன் மீட்டர்.
டயரோடு சேர்த்து ஆரம் 0.355 மீட்டர். எனவே தரையில் பின்னால் இழுக்கும் விசை 0.94 ÷ 0.355 = 2.65 நியூட்டன்.

"ப்பூ, இவ்வளவுதானா" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மேலே போட்டேன்.

ஒரு நாள் தூரம் 26,000 மீட்டர். வீணான வேலை 26,000 × 2.65 = 68,900 ஜூல்.
அப்பா 58 கிலோ, வண்டி 22, சரக்கு சராசரியாக 40. மொத்தம் 120 கிலோ. அதன் எடை 1,176 நியூட்டன்.
68,900 ÷ 1,176 = 58.6 மீட்டர்.

நம் உலகளந்த பெருமாள் கோயில் ராஜகோபுரம் 192 அடி என்பார்கள். மீட்டரில் 58.5. அதாவது நான் சரிசெய்த அந்த நாளிலிருந்து, என் அப்பா தினமும் ஒரு தடவை, சைக்கிளோடும் உப்பு மூட்டையோடும், கோபுரத்தின் உயரத்துக்கு உபரியாக ஏறியிருக்கிறார். மேலே ஏறினால் இறக்கமாவது கிடைக்கும். இதில் அதுவும் இல்லை, அத்தனையும் சூடாகிப் போனது. இதுவும் வெறும் சக்கரத்தில் எடுத்த அளவு. மூட்டையின் பாரம் குழி விழுந்த கோனில் உட்கார்ந்தபோது இன்னும் கூடியிருக்கும், குறைந்திருக்காது.

காலையில் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். "அப்பா, கோன இறுக்கினது நான்தான். அதனாலதான் உனக்கு மூச்சு வாங்குச்சு" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். சக்கரத்தை ஒரு தடவை சுற்றிவிட்டு, அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப எனக்கு வயசாவல, அப்படித்தானடா?"

அந்த வாரமே விட்டுப்போன இரண்டு கிராமங்களுக்கும் மறுபடி போக ஆரம்பித்தார். அம்மா அதற்குப் பிறகு என் படிப்பை நிறுத்துவது பற்றிப் பேசவில்லை. இப்போது கேரியருக்கு அடியில் ஒரு பழைய உரச் சாக்கை மடித்துக் கட்டியிருக்கிறேன், உப்பு ஹப்பில் விழாதபடி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்துக் கிரீஸ் போடுகிறேன்.

முடிவுரை

தோழர்களே! இந்தப் பாடத்தில் நான் கற்றவை நான்கு. ஒன்று, வெளியிலிருந்து உள்ளே போ, உடனே பிரிக்காதே. இரண்டு, கண்ணால் மதிப்பிடாதே, அளந்து பார். மூன்று, அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, இறுக்கமும் எண்ணெயும் கூட அப்படித்தான். நான்கு, வேலை முடிந்தபின் நீயே ஒரு தடவை ஓட்டிப் பார். டிசம்பரில் ஒரு ஐந்து நிமிடம் நான் அந்த வண்டியில் ஏறி மிதித்திருந்தால் நான்கு மாத மூச்சிரைப்பு மிச்சமாகியிருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வீட்டில் யாருக்காவது மூச்சு வாங்கினால் முதலில் ஆளை டாக்டரிடம் காட்டுங்கள், வண்டியைப் பிறகு பார்க்கலாம். ஆனால் வண்டியையும் பாருங்கள்.

இந்த மலரைப் படித்து முடித்ததும், உங்கள் வீட்டில் சைக்கிள் இருந்தால் பின் சக்கரத்தை ஒரு தடவை சுற்றிவிட்டுப் பாருங்கள். வால்வு தானாகக் கீழே வருகிறதா? வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால், மெல்லிய கோன் ஸ்பேனர் இப்போது என்னிடம் ஒன்று இருக்கிறது. கேட்டால் தருகிறேன்.



– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு